அரக்கு எது, காப்பி எது

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "எங்க ஆபீஸ்ல புதுசா ஆறு பேர் சேர்றாங்கப்பா. அவங்களுக்கு வேல கத்துக் குடுக்கறது என் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. நீங்க எத்தினியோ பேரப் பழக்கி இருக்கீங்க, ஏதாவது சொல்லுங்க" என்றாய். நான் சிரித்து, "பொறுமையா இரு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எந்த அப்பாவும் சொல்லக்கூடிய பதில் அது. எனக்கே பிடிக்கவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து விஷயத்தைச் சுருக்கி, என் பங்கைக் குறைத்துச் சொல்லிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தனபால் மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். நீ காலேஜில் சேரப் போன அன்று பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பத்திலிருந்தே சிநேகிதர்கள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியில்லை. ஒரு காலத்தில் அவரை நான் வேலையை விட்டுத் துரத்தினேன். துரத்தியதோடு நிற்கவும் இல்லை. அப்போது நீ இரண்டாம் வகுப்பு. வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

நான் சூப்பர்வைசராக இருந்த பட்டு நூல் ஸ்டோர் எப்படி நடந்தது என்று உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். சாயப்பட்டறையிலிருந்து நிறம் ஏற்றிய பட்டு நூல் கழி கழியாக, முறுக்கிய கட்டுகளாக வரும். நிறவாரியாகப் பிரித்து ரேக்கில் அடுக்குவோம். காலையில் நெசவாளிகள் வருவார்கள். யாருக்கு எந்தப் புடவை, என்ன நிறம் என்று சீட்டில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும், குறுக்கே ஓடும் ஊடைக்கான கழிகளையும், ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு அந்த வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன், நடக்கப் பழகியதே நூல்களுக்கு நடுவில்தான். அரக்கு, காப்பிப்பொடி, மயில்கழுத்து, வெங்காயச் சருகு, கிளிப்பச்சை என்று வாய் பேச ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது. அதனால் நிறத்தைப் பார்ப்பது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றியதில்லை. புதிதாக யார் வந்தாலும் ஒரு தரம் ரேக்கைக் காட்டுவேன், ஒரு தரம் சீட்டைக் காட்டுவேன், மறுநாள் தனியாக விட்டுவிடுவேன். இரண்டாம் தரம் கேட்கிறவனை இந்த வேலைக்கு ஆகாதவன் என்று முடிவு செய்துவிடுவேன். அப்படி மூன்று நான்கு பேர் வந்து, நின்று, போயிருக்கிறார்கள். அவர்கள் பெயர்கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

தனபால் களம்பூர்க்காரர். அங்கே ஒரு அரிசி மில்லில் எடை போட்டுக்கொண்டிருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். மில் முதலாளியும் எங்கள் முதலாளியும் பழக்கம் என்பதால் எங்களிடம் வந்தார். பத்தாவது வரை படித்தவர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என்னைவிட ஏழு வயது பெரியவர். நான் சூப்பர்வைசர், அவர் புது ஆள் என்பதால் முதல் நாளிலிருந்தே 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் 'சார்' என்றார். முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே தானாகச் சொன்னார்: "முன்ன குடிச்சுகினு இருந்தேன் சார். சின்னவன் பொறந்தப்போ உட்டுட்டேன். மூணு வருசம் ஆவுது. அப்புறம் யார்னா வந்து உங்ககிட்ட சொல்றதுக்கு, நானே சொல்லிட்டா நல்லதுல்ல?" நான் தலையாட்டினேன். நம்பிச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் ஒரு தப்பு வரவில்லை. முதலாளியிடம் நானே புகழ்ந்து சொன்னேன். பிறகு ஆயுத பூஜை வந்தது. ஸ்டோருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், ரேக்குகளை இடம் மாற்றினோம், சரக்கை எல்லாம் புதிதாக அடுக்கினோம். அதிலிருந்து ஆரம்பித்தது. அரக்கு கேட்டால் காப்பி எடுத்து வைப்பார். கிளிப்பச்சைக்கு மாம்பழ மஞ்சளை எடுப்பார். ஒவ்வொரு கழியையும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக, "இது அரக்குதானே?" என்பார். நெசவாளிகள் வரிசையில் நிற்பார்கள். "ஜல்தி, ஜல்தி" என்று நான் கத்துவேன். ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், ரேக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் பேரு எழுதி ஒட்டட்டுமா? நானே எழுதறேன்" என்றார். "ஏன், கண்ணு இல்லியா உனக்கு? பட்டு ஸ்டோர்ல வேல செய்யறவனுக்கு அரக்குக்குப் பேரு எழுதி ஒட்டணுமா? வர்றவங்க சிரிப்பாங்க" என்றேன். அவர் ரேக்குப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு மாதமும் அவர் நிறத்தைப் பார்த்து எடுக்கவே இல்லை, மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு என்று இடத்தை மனப்பாடம் செய்து எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நன்றாகச் செய்துகொண்டிருந்தவன் திடீரென்று கெட்டுப்போனால் திமிர், இல்லாவிட்டால் வேறு ஏதோ பழக்கம் என்றுதான் என் புத்தி போனது.

கார்த்திகை பிறந்ததும் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. முழுக்க அரக்கு, பெரிய ஜரிகைக் கரை. ஏகாம்பரம் என்ற நெசவாளியிடம் கொடுத்தோம். அன்றைக்கு நான் சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். ஊடையை எடுத்துக் கொடுத்தது தனபால். ஐந்தாம் நாள் காலையில் ஏகாம்பரம் நெய்த வரைக்கும் அப்படியே அறுத்துச் சுருட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் போட்டார். பாவு அரக்கு, ஊடை காப்பி. இரண்டும் கலந்து, தண்ணீர் தெளித்த செங்கல் மாதிரி ஒரு நிறம். "அஞ்சு நாளும் மழ இருட்டு, கரண்டும் இல்ல, அரிக்கேன் வச்சு நெய்ஞ்சேன். புதுசா ஏதோ கலரு சேடுன்னு நெனச்சுகினேன். இன்னிக்கி வெயில்ல பாத்தா இப்பிடி கீது. என் அஞ்சு நாளு யாரு குடுப்பா?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். பத்துப் பதினைந்து நெசவாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் செய்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். தனபாலைக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "காலையிலயே ஊத்திகினு வந்துட்டியா? மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டேன். அவர் வாயில் எந்த வாடையும் இல்லை. அது எனக்குத் தெரியும். கையில் கிடைத்த கல் மாதிரி அந்த வார்த்தையை எடுத்து வீசினேன், அவ்வளவுதான். 'மறுபடியும்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் என்னைப் பார்த்த பார்வை கோபமானதாக இல்லை. "நாளையிலேர்ந்து வராத" என்றேன். சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி உள்ளே போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாசியில் முதலாளி ஒரு வேன் வாங்கினார். நானும் ஓட்டப் பழகினேன். லைசென்சுக்காக டாக்டரிடம் கண் பரிசோதனைக்குப் போனேன். எனக்கு முன்னால் லாரியில் கிளீனராக இருக்கும் ஓர் ஆள். டாக்டர் அவரிடம் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவில் ஒரு நம்பர். எனக்கு எட்ட நின்றே பளிச்சென்று தெரிந்தது. அந்த ஆள், "நம்பரா? எங்க சார்? எல்லாம் புள்ளியாத்தான் கீது" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இது ஒரு பிறவிக் கோளாறுங்க. சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒண்ணாத்தான் தெரியும். மத்தபடி பார்வை நல்லா இருக்கும். நிறைய பேருக்கு அவங்களுக்கே தெரியாது" என்றார். என் முறை வந்ததும், "அரக்கும் காப்பியும் கூடவா டாக்டர்?" என்று கேட்டேன். "அதுதான் முதல்ல குழம்பும். ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்றார். இல்லை என்று பொய் சொன்னேன்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாசல் வெளிச்சம், பக்கத்தில் இருப்பவனைக் கேட்டது, பெயர் எழுதி ஒட்டட்டுமா என்றது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. உடனே களம்பூருக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. பதினோரு நாள் தள்ளிப்போட்டேன். போய் என்ன சொல்வது, முதலாளிக்கு என்ன சொல்வது, ஒருவேளை அது இல்லாமலும் இருக்கலாமே என்று எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் உன் அம்மாவிடம் சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "களம்பூருக்கு முதல் பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

ஒரு மஞ்சள் பையில் மூன்று கழிகளைப் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு அரக்கு, ஒன்று காப்பி. தனபால் ஒரு மில் வாசலில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எடை போட்டுக் கணக்கு எழுதிய ஆள் முதுகில் சாக்கோடு வந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கழிகளை எடுத்து ஒரு மூட்டைமேல் வைத்தேன். "இதுல எது வேற கலருன்னு சொல்லுங்க" என்றேன். அன்றைக்குத்தான் முதல் தரமாக 'சொல்லுங்க' என்று வந்தது.

நெடுநேரம் பார்த்தார். "மூணும் ஒண்ணுதான்" என்றார். பிறகு முகம் மாறியது. "இன்னா சார், இங்கயும் வந்து பரிட்ச வக்கிறியா? அங்க வச்சது பத்தாதா?"

பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த இன்னொரு ஆள் எட்டிப் பார்த்து, "அண்ணே, நடுவுல கீறது காப்பி கலரு. மத்த ரெண்டும் செவப்பு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். தனபால் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கழிகளைக் கையில் எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எல்லாருக்கும் இது வேற வேறயா தெரியுதா?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தனபால், பள்ளிக்கூடத்தில் இலைக்குப் பழுப்பு நிறம் அடித்ததற்காக வாத்தியாரிடம் அடி வாங்கியதைச் சொன்னார். "நான் எதையும் கவனமாப் பாக்கறதில்லன்னு நெனச்சுகினு இருந்தேன் சார். உங்க ஸ்டோர்ல வந்தப்புறம் கவனமாத்தான் பாத்தேன். கண்ணு வலிக்கிற அளவுக்குப் பாத்தேன்." நான் தப்பு செய்துவிட்டேன், வேலைக்குத் திரும்ப வரவேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேல கெடக்கட்டும். சேத்துப்பட்டுக்கு வர்றியா?"

அப்போதுதான் மீதி தெரிந்தது. நான் ஸ்டோரில் சொன்ன வார்த்தை யார் வாய் வழியாகவோ அவருக்கு முன்னால் களம்பூர் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் குடித்த காலத்தில் மனைவி செல்வி பட்ட பாடு கொஞ்சமில்லை. மறுபடியும் ஆரம்பித்துவிட்டான், வேலையும் போய்விட்டது என்று கேட்டதும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேத்துப்பட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் இரண்டு தரம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. "நான் குடிக்கலன்னு நான் சொன்னா யாரு நம்புவா? முன்ன குடிச்சப்பவும் அப்பிடித்தானே சொல்லிகினு இருந்தேன்" என்றார்.

போளூர் போய், பஸ் மாறிப் போனோம். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டு அவரே எடுத்தார். மாமனார் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாமனார் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: இவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, குடிக்கவில்லை என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன், இவர் கண்ணில் பிறவியிலேயே இப்படி ஒரு கோளாறு, அது எனக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. மாமனார், "ஆளக் கூட்டிகினு வந்து நல்லா பேச வக்கிறான்" என்றார். நான் கழிகளை எடுத்து நீட்டினேன். செல்வி அவற்றைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தக்காளி வாங்கினு வான்னு அனுப்புனா பாதி காயா வாங்கினு வருவியே" என்றாள். "எத்தினி நாளு ஏசிகீறேன். வேணும்னே செய்யறன்னு சண்ட போட்டு கீறேன். அது இதானா?"

"எனக்கு எல்லாம் பழமாத்தான் தெரியும் செல்வி" என்றார் அவர்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "குடிச்சியான்னு கேட்ட வாயால, கண்ணு தெரியுதான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்" என்றாள். நான் கேட்டிருந்தேன். 'கண்ணு இல்லியா உனக்கு' என்ற அதே வார்த்தையைத்தான் கேட்டிருந்தேன். பதில் வேண்டிக் கேட்கவில்லை.

அவள் அன்றே கிளம்பவில்லை. பத்து நாள் கழித்துப் பிள்ளைகளோடு களம்பூர் வந்தாள். அதற்கும் பிறகு ஒரு மாதம் ஆயிற்று தனபால் ஸ்டோருக்கு வர. முதலாளி, "கலரு தெரியாதவன வச்சுகினு பட்டு யாவாரமா? எனக்கு ஏன்யா இந்தப் பேஜாரு?" என்றார். நிறத்துக்கு நான் பொறுப்பு, எடையும் சீட்டும் அவர் பொறுப்பு என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். வந்த முதல் நாள் அவர் கேட்டது ஒரு கட்டு அட்டையும் மையும்தான். ஒவ்வொரு தட்டுக்கும், ஒவ்வொரு கழிக்கட்டுக்கும் பெயர் எழுதிக் கட்டினார். நான் சிரிப்பார்கள் என்றேனே, ஒருவரும் சிரிக்கவில்லை. ட்யூப்லைட்டில் நல்ல கண்ணுக்கே அரக்கும் காப்பியும் ஏமாற்றும். அந்த வருஷம் மற்றவர்கள் கையில் நடந்துகொண்டிருந்த தப்புகளும் நின்றன. அவ்வளவு நாளும் அவற்றை நான் யார் கண்ணிலும் படாமல் சரிசெய்துகொண்டிருந்தேன், என்னுடையதையும் சேர்த்து.

இதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று நீ முடிவு செய்துகொள்ளாதே. பிறகும் கத்தியிருக்கிறேன். ஆனால் புது ஆள் தப்பு செய்தால், கத்துவதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ எப்பிடி எடுக்கற, எனக்குச் செஞ்சு காட்டு" என்று கேட்கப் பழகினேன். பாதிப் பேர் நான் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன். ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நானே புது ஆள் ஆனேன். உன் வயதில் ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் "புரிஞ்சுதும்மா" என்றேன். ஒன்றும் புரியவில்லை. எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டனைத் தட்ட வேண்டும் என்று வரிசையாகத் துண்டுச் சீட்டில் எழுதி, மேஜை விரிப்புக்கு அடியில் ஒளித்து வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். அதனால் சொல்கிறேன், உன்னிடம் வருகிறவர்கள் தெரியாததை மறைப்பார்கள். நன்றாக வேலை செய்கிறவன் அதிகம் மறைப்பான். தெரியவில்லை என்று உன்னிடம் வந்து சொல்ல முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள். அது அவர்கள் கையில் இல்லை, உன் முகத்தில் இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. களம்பூரில் மன்னிப்புக் கேட்டேன், சேத்துப்பட்டில் கேட்டேன். அந்த வார்த்தையைச் சொன்ன இடத்தில் கேட்கவில்லை. தனபால் திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், சில நெசவாளிகள் அவரிடம் கிட்டே போகும்போது வாடை பிடிக்கிற மாதிரி மூக்கை லேசாகச் சுருக்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் பார்த்திருப்பார். ஒருநாள்கூட என்னிடம் சொன்னதில்லை. அப்போதும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு தை மாதக் காலையில், ஏகாம்பரமும் இருந்தார், முதலாளியும் இருந்தார், மேஜையை விட்டு எழுந்து நின்றேன். "ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே எடத்துல தனபால் அண்ணன குடிச்சுட்டு வந்தாருன்னு சொன்னேன். அது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஏகாம்பரத்தோட அஞ்சு நாளு போனதுக்கும் அவரு காரணம் இல்ல, நான் பழக்குன லட்சணம்" என்றேன்.

முதலாளி மேலே விசிறியைப் பார்த்தார். ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். தனபால் தராசில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கழியை வைத்து, படிக்கல்லை வைத்து, முள் நேராக நிற்கும் வரைக்கும் பார்த்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரிப்பா, அந்த மூணாம் நம்பரு பாவ எடு. ஆளு நின்னுகினு கீறாங்க பாரு" என்றார்.

நான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா